மனநலச் சிக்கலோடு வரும் நோயாளியும் மருத்துவமனையின் பொறுப்பும்

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் எண்பது படுக்கை தனியார் மருத்துவமனையின் நிர்வாக அலுவலர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் மனநலப் பிரிவு கிடையாது. ஆனால் பூச்சிமருந்து குடித்தவர்கள், குடியை நிறுத்தியதும் உளறுகிறவர்கள், ஆபரேஷன் முடிந்து குழம்பிப்போகிறவர்கள் என்று எப்போதும் யாராவது வார்டில் இருக்கிறார்கள். சமீபத்தில் ஒருவர் இரண்டாம் மாடி ஜன்னலில் ஏறிவிட்டார். கடைசி நேரத்தில் பிடித்தோம். நாளைக்கு ஏதாவது ஆனால் எங்கள் மேல் வழக்கு வராமல் இருக்க, அட்மிஷன் சமயத்தில் உறவினரிடம் என்ன மாதிரி கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும்?"

பொது மருத்துவமனைகளில் பல வருடம் வேலை பார்த்த மனநல மருத்துவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வழக்கு ஏற்கெனவே வந்திருந்தால் வக்கீலைப் பாருங்கள். இது அதற்கு முந்தைய கட்டத்துக்கான பதில்.

அப்படி ஒரு கையெழுத்து கிடையாது. "நோயாளிக்கு என்ன நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்த தாளில் நூறு பேரிடம் கையெழுத்து வாங்கினாலும், கவனக்குறைவு நடந்திருந்தால் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. சில சமயம் எதிர்த்தரப்புக்குத்தான் அது உதவும். "ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துதானே எழுதி வாங்கினீர்கள்? தெரிந்த பிறகு என்ன ஏற்பாடு செய்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி வரும்.

நோயாளி இறந்துவிட்டார் என்பதற்காக மட்டும் யாரும் பொறுப்பாவதில்லை. சராசரித் திறமையுள்ள, பொறுப்பான ஒரு மருத்துவர் அந்த நிலைமையில் செய்திருக்கக்கூடியதைச் செய்தீர்களா என்பதுதான் கேள்வி. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலை உறுதிசெய்தது. குற்றவழக்கு என்றால் சாதாரணத் தவறு போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈடு கேட்பவர் அவ்வளவு தூரம் நிரூபிக்க வேண்டியதில்லை. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது வி.பி. சாந்தா வழக்கில் 1995-லேயே முடிவாகிவிட்டது. அங்கே நர்ஸ், டியூட்டி டாக்டர், வார்டு பாய் என யார் தவறும் மருத்துவமனையின் தவறாகவே பார்க்கப்படும். ஆகவே உங்களுக்கு வேண்டியது மூன்று: ஆபத்தை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், அதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும், செய்ததை அப்போதே எழுதியிருக்க வேண்டும். நோயாளி பத்திரமாக இருக்க என்ன செய்கிறோமோ அதுவேதான் வழக்கிலிருந்தும் காக்கும். இதற்குக் குறுக்குவழி எதையும் நான் பார்த்ததில்லை.

சரி, உங்கள் மருத்துவமனையில் அந்த ஆபத்து எங்கே இருக்கிறது? மனநோய் என்று பெயர் எழுதி வருகிறவரைவிட, வேறு காரணத்துக்காக வந்து படுத்திருப்பவரிடம்தான் அதிகம்.

பைக்கில் விழுந்து கால் முறிந்து ஒரு நாற்பத்தைந்து வயதுக்காரர் எலும்பு வார்டில் அட்மிட் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் குடிப்பவர். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் நாள் கை லேசாக நடுங்குகிறது, தூக்கம் இல்லை. நர்ஸ் வலி என்று நினைத்து ஊசி போடுகிறார். இரண்டாம் நாள் வியர்வை, நாடித்துடிப்பு நூற்றுப்பத்து, நூற்றிருபது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய பதற்றம் என்று விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அவருக்கு அது ஆஸ்பத்திரி என்றே தெரியாது. சுவரில் பூச்சி ஓடுகிறது, கட்டிலுக்குக் கீழே யாரோ அரிவாளோடு இருக்கிறார்கள். தப்பிக்க அவர் கண்ணுக்குத் தெரியும் வழி ஜன்னல்தான். சாவதற்காக அவர் குதிக்கவில்லை, உயிர் பிழைப்பதற்காகக் குதிக்கிறார். உங்கள் இரண்டாம் மாடி ஜன்னல் சம்பவத்திலும் அந்த நோயாளி அட்மிட் ஆகி எத்தனையாவது நாள் என்று கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள்.

இதில் எதிர்பாராதது எதுவும் இல்லை. கடைசியாகக் குடித்ததிலிருந்து சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். முழு மனக்குழப்பம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். இவ்வளவு சரியாக நேரம் குறிக்கக்கூடிய ஆபத்து மருத்துவத்தில் குறைவு. அதனாலேயே "எதிர்பார்க்கவில்லை" என்ற வாதம் இங்கே எடுபடாது. எந்த வார்டில் சேர்ந்தாலும் ஒவ்வொரு நோயாளியிடமும், கூட வந்தவரிடம் தனியாகவும், இதைக் கேட்க வேண்டும்: எவ்வளவு குடிப்பார், தினமுமா, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்ததா. பதிலை அட்மிஷன் தாளிலேயே எழுதுங்கள். ஆபத்து என்று தெரிந்தால் குடி நிறுத்திய பாதிப்பை அடக்கும் குளோர்டயசிபாக்சைடு அல்லது லோரசிபம், தயமின் (வைட்டமின் பி1) என்று முறையான சிகிச்சையை அன்றே தொடங்கலாம். குளூக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்பதையும் டியூட்டி டாக்டர்களுக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள்.

பூச்சிமருந்து குடித்தவருக்கும் இதே கதைதான். பல பூச்சிமருந்துகளில் இருக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்துக்கு மாற்றுமருந்தாக அட்ரோபின் போகிறது. அளவு அதிகமாகும்போது உடம்பு காய்ந்து சூடாகி, கண்மணி விரிந்து, அவர் காற்றில் எதையோ பிடுங்க ஆரம்பிப்பார், டியூபை இழுப்பார். அது மனநோயும் இல்லை, "அடம்" பிடிப்பதும் இல்லை. மருந்தின் அளவைப் பார்க்க வேண்டிய அறிகுறி. வயதானவர் ஆபரேஷனுக்குப் பிறகு குழம்பினால் சோடியம், சர்க்கரை, ஆக்ஸிஜன், சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். குடிப்பவர் ஒருவர் உளறினால் முன்பு எப்போதோ விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், ஸ்கேன் யோசியுங்கள். "மெண்டல் கேஸ், சைக்கியாட்ரி ஒப்பீனியன்" என்று ஒரு வரி எழுதிக் கைகழுவிவிட்டு, பிறகு அது சர்க்கரை குறைந்ததால் வந்தது என்று தெரிந்தால், அந்த ஒரு வரி போதும் மருத்துவமனையைச் சாய்க்க.

இதன் மறுபக்கமும் உண்டு. ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் நெஞ்சு வலி என்றால் "அவர் எப்பவும் இப்படித்தான் சொல்வார்" என்று விட்டுவிடுவது. குளோசபின் என்ற மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வரும் மலச்சிக்கல் குடல் அடைப்பாகி உயிரைப் பறித்ததுண்டு. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு வாந்தி பேதியோடு நடுக்கமும் தள்ளாட்டமும் வந்தால் அன்றே ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும். அவருக்கு மூட்டு வலிக்கு டைக்ளோபினாக் எழுதுவதே ஆபத்து, லித்தியம் ஏறிவிடும். இந்த மாதிரி சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள், ஜன்னலில் குதிப்பது போலச் செய்தியாவதில்லை. ஆனால் மருந்துச் சீட்டும் லேப் ரிப்போர்ட்டும் கையில் இருப்பதால், வழக்கு என்று வந்தால் இவற்றை நிரூபிப்பதுதான் சுலபம்.

இப்போது தற்கொலைக்கு முயன்று வருகிறவர்கள். எலிபேஸ்ட், சாணிப்பவுடர், அரளி விதை, மாத்திரை, எதுவாக இருந்தாலும் நம் ஊரில் முதலில் நடப்பது ஒரு பொய். "தெரியாமல் குடிச்சிட்டா டாக்டர், இருமல் மருந்துன்னு நினைச்சு." போலீஸ் கேஸ் ஆகும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று குடும்பம் பயப்படுகிறது. டியூட்டி டாக்டரும் இரக்கப்பட்டு "தவறுதலாக அருந்தினார்" என்று எழுதிவிடுகிறார். அந்த வார்த்தையோடு அவருடைய பாதுகாப்பும் போய்விடுகிறது. தவறுதலாகக் குடித்தவரை யாரும் கண்காணிக்க மாட்டார்கள், மனநல மருத்துவரைக் கூப்பிட மாட்டார்கள், ஐசியு-விலிருந்து வெளியே வந்ததும் தனி அறை கொடுத்துவிடுவார்கள்.

குடும்பத்திடம் இதைச் சொல்லுங்கள்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுப்பதற்காகத் தற்கொலைக்கு முயன்றால் மட்டும்தான் குற்றம். ஏஆர் (விபத்துப் பதிவேடு) போட்டு போலீஸுக்குத் தகவல் கொடுப்பது உங்கள் கடமை, அதைச் செய்யுங்கள். அது நோயாளியைக் குற்றவாளி ஆக்காது என்று பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலான குடும்பங்கள் உண்மையைச் சொல்லிவிடும். "விஷ கேஸ் எடுக்க மாட்டோம்" என்று வாசலில் திருப்பி அனுப்புவதையும் விட்டுவிடுங்கள். அவசரச் சிகிச்சை கொடுப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே தீர்ப்பாகிவிட்டது. திருப்பி அனுப்பியவர் வழியில் இறந்தால் அதுதான் மோசமான வழக்கு.

நோயாளியிடம் நேராகக் கேளுங்கள். "சாக வேண்டும் என்று இன்னும் தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்தீர்களா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயம் ஆதாரமில்லாதது. மதிப்பெண் போடும் அளவுகோல் படிவங்களை நம்பாதீர்கள். யார் தற்கொலை செய்துகொள்வார் என்று கணிக்க அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில், அதை வைத்து நீங்கள் எடுத்த முடிவு, இந்த மூன்றும் நாலு வரியில் கேஸ் ஷீட்டில் இருந்தால் அது எந்த மதிப்பெண்ணையும் விடப் பெரிய ஆதாரம்.

கண்காணிப்பு விஷயத்தில் நம் மருத்துவமனைகள் செய்யும் பெரிய தவறு, கூட இருக்கும் உறவினரை காவலாளி ஆக்குவது. "அட்டெண்டர் இருக்காங்க" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த அட்டெண்டர் யார்? மூன்று நாளாகத் தூங்காத அம்மா. அல்லது எந்தச் சண்டைக்காக அந்தப் பெண் மருந்து குடித்தாளோ அந்தக் கணவன். காலை ஐந்தரைக்கு டீ வாங்க இறங்குவார், பில் கட்ட ஃபார்மசி வரிசையில் நிற்பார். அந்த நேரத்தில் நைட் நர்ஸ் ஹேண்டோவர் எழுதிக்கொண்டிருப்பார். உறவினர் கூட இருப்பது நல்லது, நோயாளிக்கு ஆறுதல். ஆனால் உங்கள் கடமையை அவர் தலையில் கட்ட முடியாது. ஆபத்து அதிகம் என்று முடிவு செய்த நோயாளிக்கு உங்கள் ஊழியர் ஒருவர் கண் பார்வையில் இருக்க வேண்டும், பாத்ரூம் போகும்போதும். உறவினரின் உதவியை வாங்கினால், எதைப் பார்க்க வேண்டும், வெளியே போகும்முன் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு விளக்கி, விளக்கியதை எழுதுங்கள்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்ற வழக்கமும் உண்டு. தூக்கு மாட்டிக்கொண்டால் நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்படும். நடுத்தர ஆபத்துள்ளவருக்கு அந்த இடைவெளி சரி, அதுவும் ஒரே நேர ஒழுங்கில் போகாமல் முன்பின்னாகப் போனால். அதிக ஆபத்துள்ளவருக்கு அது போதாது. அப்புறம், ஷிஃப்ட் முடிவில் உட்கார்ந்து பதினைந்து நிமிடக் கட்டங்களை மொத்தமாக டிக் அடிக்கும் பழக்கத்தைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். அப்படி நிரப்பிய ஒரு சார்ட்டை நான் பார்த்திருக்கிறேன். நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போயிருந்த முக்கால் மணி நேரத்துக்கும் "படுக்கையில் உறங்குகிறார்" என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது. ஒரு பொய் டிக் கண்டுபிடிக்கப்பட்டால் மீதி உண்மையான டிக்குகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அறைகளைப் பற்றி. மருத்துவமனைக்குள் தூக்கு மாட்டிக்கொள்ள உயரமான இடம் தேவையில்லை. கதவுக் கைப்பிடி, பாத்ரூம் குழாய், கட்டில் கம்பி போதும், உட்கார்ந்த நிலையிலேயே முடியும். துப்பட்டா, சேலை, வேட்டி, டிரிப்ஸ் டியூப், ஆக்ஸிஜன் டியூப் எல்லாமே கயிறு ஆகும். எல்லா அறையையும் மாற்ற உங்களிடம் பணம் இருக்காது. ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். நர்ஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரில், முடிந்தால் தரைத்தளத்தில். சீலிங் ஃபேன் வேண்டாம், ஏசி போதும். பாத்ரூம் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றுங்கள், ஷவரையும் துணி மாட்டும் கம்பியையும் எடுத்துவிடுங்கள். ஃபினாயில், ஆசிட் பாட்டில், கத்தரிக்கோல் உள்ளே இருக்கக் கூடாது. மாடி வார்டுகளில் ஸ்லைடிங் ஜன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்காதபடி ஸ்டாப்பர் அடிப்பது ஒரு நாள் கார்பென்டர் வேலை. மொட்டைமாடிக் கதவையும் பாருங்கள்.

ஆனால் பூட்டுவதிலும் ஒரு எல்லை உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் கருகிப்போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. தமிழ்நாட்டில் மனநலப் பராமரிப்பு பற்றி யார் பேசினாலும் அந்த 28 பேரை நினைத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்று நம்புகிறேன். தீ வந்தால் வார்டிலிருந்து எப்படி வெளியேற்றுவது, சாவி யாரிடம், கட்டப்பட்டிருப்பவரை யார் அவிழ்ப்பது என்று ராத்திரி ஷிஃப்ட்டில் இருக்கும் கடைசி ஊழியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தீ வெளியேறும் வழியை ஒருபோதும் பூட்டாதீர்கள்.

கைகால் கட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மருத்துவமனையில் அது நடக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லா இடத்திலும் நடக்கிறது. காஸ் பேண்டேஜைத் திரித்து மணிக்கட்டில் சுற்றிக் கட்டில் கம்பியில் முடிச்சுப் போடுகிறார்கள். யார் சொன்னார்கள், எப்போது, எவ்வளவு நேரம், எதுவும் எழுதப்படுவதில்லை. காலையில் உறவினர் வீங்கிய கையைப் போட்டோ எடுக்கிறார். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடைசெய்கிறது. 97-ஆம் பிரிவு தனியறையில் அடைத்துவைப்பதைத் தடுக்கிறது. அவருக்கோ மற்றவருக்கோ உடனடி ஆபத்து இருந்து, வேறு வழியே இல்லாதபோதுதான் உடலைக் கட்டலாம். சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்கக் கூடாது. எப்படி, ஏன், எவ்வளவு நேரம் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதி, நோயாளியின் பிரதிநிதிக்கு (சட்டப்படி அவர் சார்பில் நியமிக்கப்பட்டவருக்கு) 24 மணி நேரத்துக்குள் சொல்லி, மாதா மாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். தண்டனையாகவோ, மிரட்டவோ, ஆள் பற்றாக்குறைக்காகவோ கட்டக் கூடாது என்றும் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. "ராத்திரி ஸ்டாஃப் கம்மி சார்" என்பது விளக்கம் ஆகாது, ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும்.

குடியால் வந்த மனக்குழப்பம், ஐசியு குழப்பம் போன்றவற்றுக்கும் இதே ஒழுங்கையே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முதலில் பேசுங்கள். விளக்கைப் போடுங்கள், கூட்டத்தைக் குறையுங்கள், தெரிந்த முகம் ஒன்றைப் பக்கத்தில் உட்காரவையுங்கள், வலி இருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் இதிலேயே அடங்குவார்கள். அடங்காவிட்டால் மருந்து. ஹாலோபெரிடாலும் புரோமெதசீனும் சேர்ந்த ஊசியை லோரசிபத்தோடு ஒப்பிட்ட முக்கியமான ஆய்வு ஒன்று நம் வேலூர் சிஎம்சி-யில் நடந்து 2004-இல் வெளியானது. இரண்டுமே வேலை செய்தன, சேர்க்கை ஊசி வேகமாக அடக்கியது. ஆனால் குடியை நிறுத்தியதால் வந்த குழப்பத்துக்கு ஹாலோபெரிடாலை மட்டும் நம்பக் கூடாது, வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். எந்த ஊசியாக இருந்தாலும், நோயாளி தூங்கியதும் வார்டே நிம்மதியாக மூச்சுவிடுகிறதே, அந்த ஒரு மணி நேரம்தான் ஆபத்தானது. மூச்சு, ஆக்ஸிஜன் அளவு, ரத்த அழுத்தம், நினைவு நிலை எல்லாவற்றையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து எழுத வேண்டும். குடித்திருப்பவருக்கு இன்னும் கவனம் வேண்டும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்று உயர்த்தி, அகலமான மென்மையான பட்டையால் கட்டுங்கள். குப்புறப் போட்டு மேலே உட்கார்ந்து அழுத்துவதில் மூச்சு நின்றுவிடும். செக்யூரிட்டி ஊழியர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், அந்த நேரத்தில் முதலில் ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது அட்மிஷன் சட்டம். மனநோயாளிகளைச் சேர்த்து வைத்துச் சிகிச்சை தரும் பொது மருத்துவமனையும் "மனநல நிறுவனம்" என்ற வரையறைக்குள் வரும். குடி, போதையால் வரும் மனநிலைகளும் மனநோய் வரையறையில் உண்டு. ஆகவே மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை ஐந்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் ஐந்து லட்சம் வரை போகும். அதைவிட, வழக்கு என்று வரும்போது "பதிவே இல்லாத இடம்" என்ற பெயர் எல்லாவற்றையும் கெடுக்கும். பதிவு இல்லாத மருத்துவமனையும் 94-ஆம் பிரிவின் கீழ் அவசரச் சிகிச்சை தரலாம். பதிவுபெற்ற எந்த மருத்துவரும், பிரதிநிதி இருந்தால் அவருடைய சம்மதத்தோடு, உயிராபத்தைத் தடுக்கத் தேவையானதைச் செய்யலாம். அதிகபட்சம் 72 மணி நேரம், அல்லது மனநல நிறுவனத்தில் பரிசோதிக்கப்படும் வரை, எது முன்போ அது. மின்னதிர்வுச் சிகிச்சை இதில் சேராது. கடிகாரத்தை எப்போது தொடங்கினீர்கள் என்று நேரத்தோடு எழுதுங்கள்.

பதிவு பெற்ற பிறகு, தானாக விரும்பிச் சேருகிறவர் 86-ஆம் பிரிவில் வருவார். அவர் போக விரும்பினால் விட வேண்டும். ஆபத்து இருக்கிறதென்று தோன்றினால் மறுபரிசோதனைக்காக 24 மணி நேரம் வரை நிறுத்தலாம். முடிவெடுக்கும் திறன் இல்லாதவரைப் பிரதிநிதியின் விண்ணப்பத்தில் 89-ஆம் பிரிவின் கீழ் 30 நாள் வரை சேர்க்கலாம். இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், ஒருவர் மனநல மருத்துவர். வாரியத்துக்கு ஏழு நாளுக்குள், பெண் அல்லது சிறாராக இருந்தால் மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

"டாக்டர் பேச்சை மீறிக் கூட்டிப்போகிறோம்" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போகும் ஏஎம்ஏ டிஸ்சார்ஜ் இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. திறனுள்ள நோயாளி முழு விவரம் தெரிந்து கையெழுத்திட்டால் அதற்கு மதிப்பு உண்டு. குழம்பிய நிலையில் இருப்பவரின் கைநாட்டுக்கு மதிப்பில்லை. மூன்றாம் நாளே பூச்சிமருந்து நோயாளியை "பில் ஏறுது" என்று குடும்பம் கூட்டிப்போக நினைத்தால், போக விடாமல் சண்டை போடுவதைவிட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அங்குள்ள டாக்டரிடம் போனில் பேசி, கடிதம் கொடுத்து, ஆம்புலன்ஸில் அனுப்புங்கள். என்ன ஆபத்து என்று அவர்களிடம் சொன்ன வார்த்தைகளையும் தமிழிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ரகசியம் பற்றிச் சுருக்கமாக. கத்திக்கொண்டிருக்கும் நோயாளியை ஊழியர் போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அது 23, 24-ஆம் பிரிவுகளுக்கு எதிரானது. வார்டில் போன் எடுப்பதற்குத் தெளிவான தடை வேண்டும். இன்னொருவருக்கு ஆபத்து வருமென்றால் அதைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் வெளியே சொல்லலாம், அதற்குச் சட்டம் இடம் தருகிறது. பெண் நோயாளியைப் பெண் ஊழியர் இல்லாமல் பரிசோதிப்பதோ வேறு இடத்துக்கு மாற்றுவதோ கூடாது. இதில் விலக்கே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அசம்பாவிதம் நடக்கலாம். நடந்த அன்று என்ன செய்கிறீர்கள் என்பது, வழக்கு வருமா வராதா என்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. முதலில் உயிர் காக்கும் முயற்சி. அப்புறம் அறையை அப்படியே பூட்டி, போலீஸுக்கு நேரம் குறித்துத் தகவல். சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும், அன்றே நகல் எடுத்து வையுங்கள். கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டுமென்றால் "பின்னர் எழுதியது" என்று அன்றைய தேதி, நேரத்தோடு கீழே எழுதுங்கள். பழையதைக் கிழித்துப் புதிதாக எழுதிய மருத்துவமனை, அதுவரை செய்த நல்லதையெல்லாம் தோற்றுவிடும். ஆவணங்களின் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. இழுத்தடிக்காதீர்கள்.

குடும்பத்திடம் மூத்த மருத்துவரே போய், உட்கார்ந்து, என்ன நடந்தது என்று தெரிந்தவரை சொல்ல வேண்டும். பெரும்பாலான மருத்துவமனைகள் அந்த நேரத்தில் மூத்தவர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, செக்யூரிட்டியை முன்வாசலில் நிறுத்துகின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பாவுக்கு வக்கீல் வீட்டு வழியைக் காட்டுவது அந்த மூடிய கதவுதான். வருத்தம் தெரிவிப்பதும் தவறை ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல. பில் பாக்கிக்காக உடலை நிறுத்தி வைக்கவே கூடாது. அன்று டியூட்டியில் இருந்த நர்ஸையும் மறந்துவிடாதீர்கள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக இருப்பாள், கயிற்றை அறுத்து இறக்கியவள் அவளாக இருப்பாள். அவளிடம் மெமோ நீட்டுவதற்கு முன் யாராவது அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பிழைத்து வீட்டுக்குப் போகிறவர்களில் ஆபத்து அதிகமாக இருப்பது முதல் சில வாரங்களில். எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் "மனநல மருத்துவரைப் பார்க்கவும்" என்று பொதுவாக எழுதாமல் யாரை, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று அப்பாயின்ட்மென்ட்டையே வாங்கிக் கொடுங்கள். அமிட்ரிப்டிலின் மாதிரி அதிக அளவில் உயிரைப் பறிக்கும் மாத்திரையை மாதக் கணக்கில் கொடுக்காமல் ஒரு வாரத்துக்கு மட்டும், வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் கொடுங்கள். பூச்சிமருந்து, எலிமருந்து வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104 இரண்டையும் தாளில் பெரிதாக எழுதுங்கள். மூன்றாம் நாள் உங்கள் மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்து "எப்படி இருக்கீங்கம்மா, தூங்கினீங்களா, மாத்திரை சாப்பிட்டீங்களா" என்று கேட்டு, பதிலை அதே கேஸ் ஷீட்டில் எழுதட்டும். அதற்கு ஒரு ரிஜிஸ்டரும், தினமும் அரை மணி நேரமும், ஒரு போனும் போதும். நீங்கள் கேட்ட கையெழுத்துப் படிவத்தை அச்சடிக்கும் செலவைவிட இது அதிகம் ஆகாது.